காதங்கியில் இறங்குகிறவர்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஏழுமலையானுக்காகப் போகிறவர்கள். நடுவில் காதங்கியில் இறங்குகிறவன் என்னைப் போல ஆராய்ச்சி மாணவனாகத்தான் இருப்பான்.

விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் எம்.எஸ்.டி. (மீசோஸ்பியர்-ஸ்ட்ராடோஸ்பியர்-ட்ரோபோஸ்பியர்) ரேடார் என்றால் சுழலும் தட்டு இல்லை. பக்கத்துக்கு 130 மீட்டர் உள்ள சதுர மைதானத்தில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஆன்டெனாக்கள். தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடிகளை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது போல இருக்கும்! 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பினால், மேகமே இல்லாத வெறும் காற்றில் சுமார் 3 மீட்டர் அளவில் நடக்கும் கலக்கம் அதில் துளியைத் திருப்பி அனுப்பும். டாப்ளர் விளைவால் அந்தத் துளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வேகம் கிடைத்துவிடும்.

சித்தூரில் வீட்டுக்குப் போனால் தாத்தாவின் பேச்சு வேறு: ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பு, 1960 ஏப்ரல் 1. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அவருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு அந்த எல்லைக்கோட்டின் மேல் கோபமில்லை. வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தெரியாத என் தெருப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் வயிறெரிகிறது. கோட்டை நகர்த்தினால் அது சரியாகாது, வாத்தியார் வேண்டும்.

டாப்ளர் விளைவைக் கரும்பலகையில் மட்டும் நடத்தும் இயற்பியல் ஆசிரியர்களே, அடுத்த முறை திருமலைக்குச் சுற்றுலா போகும்போது, முன்கூட்டியே அனுமதி கேட்டு காதங்கிக்கும் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.