ஐந்து பிழைக்கு ஒரு முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்தால், கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் மருமகள் அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை அவள்.

"ஞாயித்துக்கிழமையுமா அம்மா?"

"மூணு வகுப்பும் ஒரே அறை மாமா. அவங்கவங்களுக்கு ஏத்த வேலை கொடுக்கணும்லா."

எனக்குக் காரைக்கால் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு அங்கே வேலை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். வாத்தியார் ஒரு பத்தி வாசிப்பார், கேட்டு எழுத வேண்டும். 'திக்தே' என்று பெயர். ஐந்து பிழை வந்தால் முட்டை. ஆறு பிழை விட்ட எனக்கும் முட்டை, முப்பது பிழை விட்ட பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் முட்டை. எனக்கு எழுத்தின் தலையில் போடும் கோடுதான் பிடிபடவில்லை. அவனுக்குப் பாஷையே பிடிபடவில்லை. அந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அடுத்த பத்தி. ஒரு வருஷத்தில் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

பிற்பாடு சொந்த ஊருக்கு வந்து, கல்வி அலுவலகம் ஒன்றில் கிளார்க் ஆனேன். ஓய்வு பெறும் சமயத்தில்தான், 2007-08இல், செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கியது அது. மூலம் ஆந்திராவின் ரிஷிவேலி. பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கி, வரிசையை 'ஏணி'யாகச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தன் படியைப் பார்த்துத் தானே அட்டையை எடுத்துக்கொள்ளும். தேர்வும் அந்த ஏணியில் ஒரு படிதான். சரியாக வராவிட்டால் அதற்கென்று வேறு பயிற்சி அட்டை. பிறகு மறுபடி அதே தேர்வு. அந்தச் சுற்றறிக்கைகளை எல்லாம் நகலெடுத்துக் கோப்பில் சேர்த்தேன். "பரீட்சை இல்லாத படிப்பாமே" என்று சிரிக்கவும் செய்தேன்.

இப்போது 2022இலிருந்து 'எண்ணும் எழுத்தும்'. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறார்கள். அதற்கென்ன பிரமாதம் என்றேன். மருமகள் இரண்டு நோட்டுகளை நீட்டினாள். 42இலிருந்து 17 போனால் எவ்வளவு? ஒரு பையன் 35 என்று எழுதியிருந்தான், ஒரு பெண் 26.

"ரெண்டும் தப்புதானே?"

"தப்புதான் மாமா. ஆனா இவன் ரெண்டுல ஏழு போகாதுன்னு ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்கான். கடன் வாங்குறதே புரியலை. நாளைக்குப் பத்துக் குச்சிக் கட்டைப் பிரிச்சுக் காட்டணும். இவளுக்கு முறை தெரியும், எண்ணும்போது ஒண்ணு தவறிட்டா. அவ்வளவுதான். வெறும் பெருக்கல் குறி போட்டா எனக்கு இது தெரியுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய என் முட்டையும் அவன் முட்டையும் அந்த இரண்டு நோட்டுகளில் இருந்தன. இப்படி ஒவ்வொரு பிள்ளையின் தப்பையும் பார்த்து மறுநாள் பாடத்தை அமைக்க அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் போகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. என் மகன் ரேங்க் கார்டைக் கொண்டுவரும்போதெல்லாம் "எத்தனையாவது ரேங்க்?" என்றுதான் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முட்டை வாங்கிய நானே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். "ஏன்டா, உனக்குக் கணக்குல எது வராம இருந்தது?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "பின்னம்ப்பா. இப்பவும் வராது."

முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.