எங்கே ஆரம்பிக்கணும்?

லேப்டாப் திரையைக் கைபேசியில் சாய்வாகப் பிடித்த ஒரு படம். அதில் பாதியை ஃபிளாஷ் வெளிச்சம் தின்றிருக்கும். அடியில் இரண்டே சொல்: "எரர் வருது." திருவண்ணாமலையில் நிரல் எழுதுகிறவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேச்சு இப்படித்தான் தொடங்கும். எந்த வரியில் எரர், அதற்கு முன் எதை மாற்றினார், ஒன்றும் இருக்காது. இன்னும் சிலர் "ஹாய் அண்ணா" என்று மட்டும் போட்டுவிட்டு, யாராவது "சொல்லுங்க" என்னும்வரை காத்திருப்பார்கள். மூத்தவர்களுக்கு இது எரிச்சல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் நின்று ஒருமுறை செருமிவிட்டு உள்ளே வருகிற பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

இப்படிக் கேட்பவர்களைத் திருத்தவென்றே நிரலாளர் எரிக் ரேமண்ட் 2001இல் ஒரு நீண்ட கையேடு எழுதினார். முதலில் நீயே தேடிப் பார், பிழைச் செய்தியை அப்படியே கொடு, என்னென்ன செய்து பார்த்தாய் என்று சொல். எல்லாமே நியாயந்தான். ஆனால் கேட்பவருக்குப் பக்கம் பக்கமாக ஒழுங்கு சொல்லும் அந்தக் கையேட்டில் பதில் சொல்பவருக்கான பகுதி கடைசியில், சின்னதாக. உலகமும் முன்பகுதியைத்தான் பிடித்துக்கொண்டது. அதைப் படிக்கச் சொல்வதே பல இடங்களில் ஒருவரை விரட்டும் வழியாகிவிட்டது.

அதற்கும் முன்பு, யூஸ்நெட் என்னும் இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் ஒரு கதை உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்கள் சேர்வார்கள், கணினிக் கணக்கு கிடைத்ததும் உள்ளே வந்து கேட்ட கேள்வியையே கேட்பார்கள், பழையவர்கள் கடிந்துகொள்வார்கள், ஓரிரு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும். 1993க்குப் பிறகு ஏ.ஓ.எல். போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் வழியாக வீட்டுப் பயனர்களும் வரத் தொடங்கினார்கள். புதியவர் வரத்து நிற்கவே இல்லை. முடிவில்லாத செப்டம்பர் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள் பழையவர்கள். வைத்தது புலம்பலாகத்தான்.

எங்கள் ஊர்க்காரருக்கு இந்தப் புலம்பல் புரியாது. இங்கே மாதா மாதம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செப்டம்பர். லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அவர்களில் முதல்முறை வருபவர் எத்தனையோ பேர். எங்கே ஆரம்பிக்கணும், செருப்பை எங்கே விடணும், குபேர லிங்கம் தாண்டிட்டோமா, இன்னும் எவ்வளவு தூரம்? டீக்கடைக்காரர் ஒரே இரவில் ஒரே பதிலை எத்தனை முறை சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. "இது கூடத் தெரியாமலா கிளம்பி வந்தீங்க?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. (புது முகத்தைப் பார்த்தால் ஆட்டோக் கட்டணம் ஏறும் என்பதையும் மறைப்பதற்கில்லை.)

ஒன்றில் மட்டும் அந்த டீக்கடைக்காரரைப் பின்பற்றக் கூடாது. கால் வலியோடு கேட்பவரிடம் "இதோ, கொஞ்ச தூரந்தான்" என்பார். அந்தப் பொய்யில் கருணை இருக்கிறது, நடப்பவருக்குத் தெம்பும் வரும். நிரலில் திணறுகிறவரிடம் "இது ரொம்ப ஈசிங்க" என்றால் நடப்பதே வேறு. ஈசியானதே எனக்கு வரவில்லையே என்று அவர் ஒடுங்கிப் போவார். நியூயார்க்கில் நிரலாளர்கள் கூடிப் பயிலும் ரிகர்ஸ் சென்டரில், ஒருவருக்கு ஒன்று தெரியாதபோது வியப்புக் காட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. "லினக்ஸ் தெரியாதா!" என்னும் ஆச்சரியக்குறியால் கேட்பவருக்கு எந்தப் பயனும் இல்லை, சொல்பவருக்குத்தான் கொஞ்சம் உயரம் கூடும்.

நம் நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தவர். வினாக்களில் ஒன்று அறி வினா: விடை தெரிந்துகொண்டே கேட்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்பதென்றால் சரி. குழுவில் அப்படிக் கேட்பவர் தன் படிப்பைக் காட்டுகிறார், அவ்வளவுதான். விடைகளில் எனக்குப் பிடித்தது வினா எதிர் வினாதல். "லாக் ஃபைல்ல என்ன வருது?", "நேத்து ஓடுச்சா?", "இதை வெச்சு என்ன செய்யப்போறீங்க?" இந்த மூன்று எதிர்க்கேள்விகள் போதும், மங்கலான அந்தப் படம் நல்ல கேள்வியாக மாறிவிடும். நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கு விடையில் பாதி முன்பே தெரிந்திருக்கும். தெரியாதவரிடம் முதலில் நன்றாகக் கேள் என்றால் எப்படி? கேள்வியைச் செப்பனிடும் வேலையில் ஒரு பங்கைப் பதில் சொல்பவர் ஏற்றுக்கொள்வதைத்தான் நான் வரவேற்பு என்பேன். "வாங்க வாங்க" என்று கைகூப்பும் எமோஜியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மொழித் தடையும் உண்டு. ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமோ என்ற தயக்கத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களை உட்காரவைத்துத் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். அங்கே பழகி வந்த பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவதில்லை.

எங்கள் குழுவில் பெண்கள் பலர் இன்னும் பொதுவில் கேட்பதில்லை. தெரிந்த அக்கா யாரிடமாவது தனியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். வேறு சிலர் கேள்வியைப் போட்டு, ஒரு சிரிப்பு எமோஜி விழுந்ததும் அழித்துவிடுகிறார்கள். அழித்த சுவடு மட்டும் நிற்கும். இப்போது இன்னொரு கூட்டம் சாட்ஜிபிடியிடம் போய்விட்டது. அது எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. நல்லதுதான். ஆனால் தப்பான வழியில் போகிறவருக்கும் அது பெரும்பாலும் தலையாட்டி வழி சொல்லிவிடுகிறது. "இது எதுக்குங்க உங்களுக்கு?" என்று நிறுத்திக் கேட்க இன்னும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது.

கேட்டதையும் பதிலையும் எல்லோருக்கும் கிடைக்கும்படி குறித்து வைப்பதன் அருமைக்கு எங்கள் மலையிலேயே சாட்சி உண்டு. 1902இல் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை விருபாக்ஷி குகைக்கு வந்தார். அங்கே மௌனத்தில் இருந்த ரமண மகரிஷிக்கு அப்போது வயது 22. பிள்ளையின் முதல் கேள்வி, நான் யார் என்பது. இதைவிட அடிப்படையான கேள்வி இருக்க முடியாது. ரமணர் எழுதிக் காட்டியே பதில் சொன்னார். பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து அது 'நான் யார்?' என்ற சிறுநூலாக அச்சேறியது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் புத்தகக் கடையில் இன்றும் பல மொழிகளில் விற்கிறார்கள். கேட்டவர் குறித்து வைக்காமல் போயிருந்தால் அந்தப் பதில்கள் அவரோடு போயிருக்கும்.

எங்கள் குழுவில் குறைவது இதுதான். நாலு பேர் இரவு பதினொரு மணிவரை மாறி மாறிக் கேட்டு, சொல்லி, முயன்று பார்ப்பார்கள். காலையில் கேட்டவரிடமிருந்து ஒரு வரி வரும்: "ஓகே அண்ணா, சரியாயிடுச்சு, தேங்க்ஸ்." எப்படி சரியாச்சு என்று கேட்டால் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. அடுத்த பௌர்ணமிக்குள் இன்னொருவர் அதே எரரைப் படம்பிடித்துப் போடுவார்.