விகுதியும் விலாசமும்

‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டுக்கும் முன்பாதி ஒன்றுதான். வந்தவர் யார் என்பதைச் சொல் முடியும் இடத்தில் நிற்கும் விகுதியே சொல்கிறது. இணைய முகவரிக்கும் ஏறக்குறைய இதே இலக்கணம் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. உறைத்தபோது அப்பாவின் கணக்கிலிருந்து 18,400 ரூபாய் போயிருந்தது.

2023ஆம் ஆண்டு, ஒரு பிற்பகல். விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு இன்றிரவோடு முடக்கப்படும் என்று அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கூடவே ஓர் இணைப்பு. அதன் தொடக்கத்தில் அவருடைய வங்கியின் பெயர் எழுத்துப்பிழையின்றி இருந்தது. அதன்பின் ஒரு புள்ளி, பொருளற்ற ஓர் ஆங்கிலச் சொல், முடிவில் டாட் காம். அப்பா முதற்சொல்லைப் படித்தார், நம்பினார்.

இதில் என்னை வாட்டியது பணமன்று. அப்பா திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் நின்றபடியே கடிதம் பிரித்தவர். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வருவதற்கு ஓராண்டு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டார். கடிதம் யாருக்கு என்பதைச் சார்ட்டர் பார்ப்பதில்லை என்று சிறுவயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கண் முதலில் போவது கடைசி வரிக்கு. மாநிலம், மாவட்டம், ஊர் என்று கீழிருந்து மேலே ஏறும். பெயரைப் படிப்பது தபால்காரரின் வேலை.

1983இல் பால் மோகபெட்ரிஸ் வகுத்த பெயர்முறையில் கணினியும் இப்படித்தான் முகவரியைப் படிக்கிறது, ஆனால் வலமிருந்து இடமாக. ‘காம்’ எங்கே என்று முதலில் கேட்கும். காமின் பதிவேட்டில் அதற்கு முந்தைய சொல் யாருடையது என்று கேட்கும். அப்புறம்தான் அதற்கும் முந்தையது. கடைசி இரண்டு துண்டுகளுக்கு உரியவர் முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு இதை விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

“முப்பத்தெட்டு வருஷம் கீழேருந்து படிச்சேன்ப்பா. அன்னிக்கு ஒருநாள் மேலேருந்து படிச்சுட்டேன்.”

அதன்பிறகுதான் இந்த விகுதிகளின் கதையைத் தேடிப் படிக்கலானேன். டாட் காம் வணிகர்களுக்கென்று பிறந்து எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. அதனால் அதைக்கொண்டு ஒருவரை இன்னார் என்று அறிய முடியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதுபோல 2000 நவம்பரில் ஐகேன் அமைப்பு ஏழு புதிய விகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் மூன்று, தொழிலுக்கென்று காவல் போட்டவை. அருங்காட்சியகங்களுக்கு டாட் மியூசியம், விமானத்துறைக்கு டாட் ஏரோ, கூட்டுறவுச் சங்கங்களுக்கு டாட் கூப். உலக சுகாதார அமைப்பு கேட்ட டாட் ஹெல்த் அப்போது கிடைக்கவில்லை. பின்னாளில் அது ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

டாட் மியூசியத்தின் மீது எனக்கு ஒரு மோகம் உண்டு. பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றமும் கெட்டி அறக்கட்டளையும் சேர்ந்து கொண்டுவந்தது அது. அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தவரென்று காட்டினால்தான் பெயர் கிடைக்கும் என்பது தொடக்ககால ஏற்பாடு. எத்தனை அழகான எண்ணம்! ஆனால் லூவர் இன்றும் டாட் எஃப்ஆரில்தான் இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியம் டாட் ஆர்கில். ஊரறிந்த பெயருடையவர் எதற்காக வீடு மாற வேண்டும்? டாட் ஏரோவின் நிலை மேல். இந்திய விமான நிலைய ஆணையமும் கொச்சி, ஹைதராபாத் விமான நிலையங்களும் அதில்தான் இருக்கின்றன. இருந்தும் என்ன? விமான நிலையத்தின் தளத்தைத் திறப்பவர் எவரும் முகவரியின் முடிவைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கென்றே வந்த டாட் புரோவை இன்று யாரும் வாங்கலாம்.

2012இல் ஐகேன் மறுபடியும் கதவைத் திறந்தபோது வந்த விண்ணப்பங்கள் 1,930. பணம் போன அன்று நான் அழைத்த இணையக் குற்ற உதவி எண்ணும் 1930தான். தற்செயல் என்று தெரிந்தும் சிரிப்பு வந்தது.

இந்த விகுதிகள் எங்கே தோற்றன என்பது எனக்கு இப்போது ஒருவாறு விளங்குகிறது. டாட் மியூசியம் இருந்தால் அது அருங்காட்சியகம் என்றே கொள்வோம். இல்லாவிட்டால் போலியா? இல்லையே. விரும்பியவர் மட்டும் அணியும் சீருடையைக்கொண்டு அணியாதவரைச் சந்தேகிக்க முடியாது. எல்லோரும் அணிந்தாக வேண்டும் என்றால்தான் அதற்குப் பொருள் உண்டு.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி செய்தது அதைத்தான். இந்திய வங்கிகளுக்கென்றே ‘பேங்க் டாட் இன்’ என்னும் முடிவை அறிவித்தது. பதிவு செய்து தரும் உரிமை ஹைதராபாத்திலுள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டும். எல்லா வங்கிகளும் அக்டோபர் 31க்குள் மாறிவிட வேண்டும். அதுவரை ‘பேங்க் டாட் எஸ்பிஐ’ என்றிருந்த ஸ்டேட் வங்கியின் தளம் ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’ ஆனது. முன்னது பின்னாக, பின்னது முன்னாக. சாதாரண வாசகர் இதை எப்படி நினைவில் வைப்பார் என்று யாரும் யோசித்தார்களா தெரியவில்லை.

அப்பாவின் வங்கியும் மாறியது. மாறியதைத் தெரிவித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, இணைப்போடு! அப்பா அதைத் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“கடைசியில இன், அதுக்கு முன்னால பேங்க். சரியா இருக்கு. ஆனா நடுவுல இருக்கிறது புள்ளிதானே? சின்னக் கோடு போட்டு, அப்புறம் டாட் காம்னு முடிச்சா என்ன பண்றது?”

“அப்ப அது டாட் காம் ஆளுப்பா. வங்கி இல்ல.”

தலையை ஆட்டினார். ஆனாலும் மறுநாள் காலை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே போய், அங்கிருந்த பெண்ணிடம் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பாஸ்புக்கின் பின்னட்டையில் அதைப் பார்த்தேன். ஒரே வரியில் எழுதவில்லை. மேலே வங்கியின் பெயர், அடுத்த வரியில் ‘பேங்க்’, அதற்கும் கீழே ‘இன்’. கடைசி வரியின் அடியில் மட்டும் சிவப்பு மையால் இரண்டு கோடு.