கோலை யார் காப்பது?

நம் சுவர் இதழில் எல்லோரும் ஜெயித்த கதையைத்தான் எழுதுகிறார்கள். நான் தோற்ற கதையை எழுதப் போகிறேன்.

நம் பள்ளி மாணவிகள் கால்பந்து அணியில் நான் தடுப்பு ஆட்டக்காரி. குறுவட்டப் போட்டியில் 0-4 என்று தோற்றோம். முதல் பாதியில் ஒரு கோல்தான் வாங்கினோம். மீதி மூன்றும் இரண்டாம் பாதியில், எங்களுக்கு மூச்சு வாங்கியபோது விழுந்தவை. வெயில் அதிகம், நடுவர் சரியில்லை, அவர்களுக்கு ஷூ இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

உண்மையான காரணம் இதுதான். பழைய பி.டி. சார் மாற்றலாகிப் போனதும் ஜூன் மாதம் புது பி.டி. டீச்சர் வந்தார். வந்ததுமே பந்தை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, “காலையில ஆறு மணிக்கு ஏரிக்கரையில ஓடணும்” என்றார். “பந்து விளையாட வந்தோமா, போலீஸ் வேலைக்கு வந்தோமா?” என்று முணுமுணுத்தோம். மதகு வரை ஓடித் திரும்ப வேண்டும். நாங்கள் நாலு பேர் பாதி வழியில் பனைமரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். மற்றவர்கள் திரும்பும்போது கூடச் சேர்ந்து ஓடி வருவோம். பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டால் வியர்வை மாதிரியே இருக்கும்!

நம் மதுராந்தகம் ஏரியை ராமர் காத்தார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கோலை யார் காப்பது? கோல்கீப்பர்தான். ஒரு நாளும் ஏமாற்றாமல் மதகு வரை ஓடியவள் அவள். நான்காவது கோலின்போது அந்தப் பெண் என்னைத் தாண்டி ஓடினாள். நான் முழங்காலில் கை வைத்து நின்றுவிட்டேன். கோல்கீப்பர் தனியாகப் பாய்ந்து விழுந்தாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாடியும், “உன்னாலதான்டி தோத்தோம்” என்று அவளைத் திட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் எங்களை உட்கார வைத்துச் சென்னையின் எஃப்.சி. அணியைப் பற்றிச் சொன்னார். 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணி அது. அடுத்த பருவத்தில் 18 ஆட்டத்தில் இரண்டில்தான் ஜெயித்து, பத்து அணிகளில் கடைசி இடம். 2019-இலும் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. அந்த டிசம்பரில் ஓவன் காயில் புதுப் பயிற்சியாளராக வந்தார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. அதே அணி நான்காம் இடத்துக்கு ஏறி, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனது. அதில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றது.

“புது கோச் வந்து அவங்களுக்குப் பதிலா ஓடினாரா?” என்று டீச்சர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. “பனைமரத்தடியில உட்கார்ந்தவங்க கை தூக்குங்க” என்றார். அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது! நான்தான் முதலில் கை தூக்கினேன் என்று எழுத ஆசை. ஆனால் கடைசியாகத்தான் தூக்கினேன்.

டீச்சர் அடிக்கவில்லை, திட்டவில்லை. “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். பாதிப் பேர் ஒன்றுமே சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒரு டப்பாவில் ஊறவைத்த வேர்க்கடலை கொண்டுவருகிறார். “பழைய சோறாவது சாப்பிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் வரணும்” என்று உத்தரவும் போட்டார்.

இப்போது நான் மதகு வரை ஓடுகிறேன். முதல் நாள் விலா பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். போன சனிக்கிழமை பக்கத்து ஊர் அணியோடு விளையாடி 1-2 என்று தோற்றோம். ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு கோலும் வாங்கவில்லை. கோலில் நின்றவள் எட்டாம் வகுப்புத் தங்கை. பாவம், பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அன்புத் தோழியே, தினமும் நீ இந்தச் சுவரைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறாய். உன்னை எல்லோர் முன்னாடியும் திட்டினேன். அதனால் மன்னிப்பையும் எல்லோர் முன்னாடியும் கேட்கிறேன். உன்னால் தோற்கவில்லை, என்னால்தான் தோற்றோம். உன் கையுறை என் பையில் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வாடி. மதகு வரைக்கும் உன் கூடவே ஓடி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி