பட்டுப்புழு முட்டையும் பால்மர விதையும்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பட்டைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிருந்தது. இணையத்திலிருந்து ஆறு பழைய படங்களை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரிடம் பணியாற்றிய ஸ்ட்ராடானஸ் என்னும் ஓவியர் வரைந்தவை அவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்புத் தகட்டில் செதுக்கப்பெற்று, ஆண்ட்வெர்ப் நகரில் அச்சாயின. தொகுப்பின் பெயரே 'பட்டுப்புழு' என்பதுதான். மெடிச்சி குடும்பத்து மருமகள் ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. பட்டால் செழித்த நகரம் தன் தொழிலைத் தானே வாழ்த்திக்கொண்டது எனலாம்.

முசுக்கொட்டை இலை பறித்தல், புழுக்களுக்கு இரையிடுதல், கூட்டிலிருந்து நூல் பிரித்தல் என வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்களே. கொண்டாடும் படங்களில் களைப்புக்கு இடமேது!

ஒரு படத்தில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியனிடம் இரு துறவிகள் பட்டுப்புழு முட்டைகளை அளிக்கின்றனர். 6ஆம் நூற்றாண்டில் அம்முட்டைகளைக் கீழை நாட்டிலிருந்து கைத்தடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தனர் என்பது வழிவழிக் கதை. அதைச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, இது திருட்டுத்தானே? அதற்கு ஏன் இவ்வளவு அழகான படம்?"

அன்று காலைதான் நன்னெறிக் கல்வியில் நேர்மையைப் பற்றி முழங்கியிருந்தேன். "ஆம், திருட்டுத்தான்" என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு நம் பால்மரம் நினைவுக்கு வந்தது.

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அன்று அதைத் தடுக்கும் சட்டம் பிரேசிலில் இல்லை என வாதிடுவோரும் உளர். எப்படியாயினும், அவ்விதைகள் வாராதிருந்தால் என் பாட்டனார் கப்பலேறியிருக்க மாட்டார். அம்மாணவியின் முன்னோர் தோட்டத்தில் பால்மரம் சீவியிருக்க மாட்டார்கள். இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். திருட்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் விடவில்லை. "இந்தப் பெண்களின் பெயர் படத்தில் உள்ளதா ஐயா?"

உற்றுப் பார்த்தோம். வரைந்தவர் பெயர், செதுக்கியவர் பெயர், வெளியிட்டவர் பெயர் இருந்தன. நூல் பிரித்தவர்களின் பெயர் இல்லை.

உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பால்மரம் சீவியவர் யாரெனக் கேட்டு வாருங்கள் என்றேன். மறுநாள் ஏழு பேர் மட்டுமே பெயர் கொண்டுவந்தனர். என் கொள்ளுப்பாட்டியின் பெயரை நானும் அன்றிரவு அக்காவிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் அறிந்துகொண்டேன்.