நான் "நார்மல்"னு எழுதின சீட்டு

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க. சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோடதான் எழுதறேன்.

2021 மே மாசம், கோவிட் இரண்டாவது அலை. ஆக்சிஜன் பெட் கிடைக்காம ஆஸ்பத்திரி வாசல்லயே ஆம்புலன்ஸ்கள் வரிசையா நின்ன நாட்கள். எங்க வார்டுல ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பேர் வேண்டாம், சிஸ்டர்னே சொல்றேன். நரம்பே கிடைக்காத நோயாளிக்கு வென்ஃப்ளான் போடணும்னா நாங்க எல்லாரும் அவங்களைத்தான் கூப்பிடுவோம். பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து வழிய, ரெண்டாவது முயற்சிக்கு வேலையே வைக்க மாட்டாங்க.

அந்த மாசக் கடைசியில அவங்களுக்கும் கோவிட் வந்துச்சு. லேசானதுதான். நாலு நாள் காய்ச்சல், ஆக்சிஜன் 97க்குக் கீழ இறங்கவே இல்ல. ரெண்டு வாரத்துல டியூட்டிக்குத் திரும்பிட்டாங்க.

ஆகஸ்ட்ல என் ஓபிக்கு வந்தாங்க. "சார், டியூட்டி அன்னைக்கு எப்படியோ சமாளிச்சிடறேன். மறுநாள்தான் எந்திரிக்கவே முடியல, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நின்னா படபடன்னு வருது. மருந்து அளவு கணக்குப் போடும்போது தப்பு வந்துடுமோன்னு பயந்து மூணு தடவை சரிபார்க்கறேன்."

ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்தேன். ஒண்ணுலயும் குறை இல்ல. சீட்டுல "நார்மல்"னு எழுதினேன். "ஸ்ட்ரெஸ்தான் சிஸ்டர். தினமும் காலையில அரை மணி நேரம் வேகமா நடங்க, சரியாயிடும்"னு சொல்லி ஒரு விட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். நைட் டியூட்டி பார்க்கலாம்னு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுலயும் நானே கையெழுத்துப் போட்டேன்.

அவங்க நான் சொன்னபடியே நடந்தாங்க. பன்னிரண்டாவது நாள் ராத்திரி, மருந்து டிராலியைப் பிடிச்சபடியே வார்டு நடுவுல சரிஞ்சு விழுந்தாங்க.

அட்மிட் பண்ணோம். அப்ப எங்க யூனிட்ல இருந்த ஒரு பிஜி பொண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு: "சார், இவங்களை நிக்க வெச்சுப் பல்ஸ் பார்த்தீங்களா?"

பார்க்கல. ஈசிஜி எடுத்தது படுக்க வெச்சு, எக்கோ எடுத்ததும் படுக்க வெச்சு. பிபி பார்த்தது என் மேஜைக்கு எதிர் ஸ்டூல்ல உட்கார வெச்சு. எட்டு மணி நேரம் நின்னே வேலை பார்க்கற ஒரு நர்ஸை, ஒரு நிமிஷம்கூட நிக்க வெச்சு நான் சோதிக்கல.

படுத்திருந்தப்ப பல்ஸ் 76. எழுந்து நின்ன பத்தாவது நிமிஷம் 122. பிபி இறங்கல.

இதுக்குப் பேர் பாட்ஸ். நிக்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கும். காலோட ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை மேல அனுப்பணும். அந்த வேலையைக் கவனிக்கற தானியங்கி நரம்புகள் தடுமாறினா, இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டப் பார்க்கும். பெரியவங்களுக்கு 10 நிமிஷத்துக்குள்ள 30க்கு மேல கூடி, அப்படியே நின்னா சந்தேகப்படணும். இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமும்தான்.

உழைப்புக்கு மறுநாளோ அதுக்கடுத்த நாளோ ஆளைச் சாய்க்கற அந்த அசதி வேற. அது இருக்கறவங்களை "இன்னும் கொஞ்சம் நட"ன்னு விரட்டினா நிலைமை மோசமாகும். அதைத்தான் நான் மருந்தா எழுதிக் கொடுத்திருந்தேன்.

இது புதுசும் இல்ல. 1934ல லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஜெனரல் ஆஸ்பத்திரியில போலியோ பரவின சமயம், ஊழியர்கள் 198 பேர் விநோதமான ஒரு நோய்ல விழுந்தாங்க. 1955ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில கிட்டத்தட்ட 300 ஊழியர்கள். ஆஸ்பத்திரியையே ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் மூட வேண்டியதாயிடுச்சு. பல பேர் மாசக்கணக்குல எழுந்திருக்கல. 15 வருஷம் கழிச்சு ரெண்டு மனநல மருத்துவர்கள், அது கூட்டு ஹிஸ்டீரியான்னு கட்டுரை எழுதினாங்க. பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலும் பெண்கள்ங்கறதும் அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு. பழைய கேஸ் ஷீட்டுகளைப் படிச்சாங்களே தவிர, ஒரு நோயாளியையும் நேர்ல பரிசோதிக்கல. அதைப் படிச்சப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம்தான் என் ஆகஸ்ட் சீட்டு ஞாபகம் வந்துச்சு.

2006ல சிக்குன்குனியா வந்தப்ப, காய்ச்சல் விட்டு மாசக்கணக்குல மூட்டு வலியோட நடந்த பாட்டிகளை நாம யாரும் சந்தேகப்படல. வீக்கம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, நம்பினோம்.

கோவிட் வந்து மூணு மாசம் ஆகியும் அசதி, மூளை மந்தம், படபடப்பு, மூச்சு வாங்கறதுன்னு குறைஞ்சது ரெண்டு மாசமா நீடிச்சு, வேற காரணமும் தெரியலன்னா அது கோவிட்டுக்குப் பிந்தைய பாதிப்புன்னு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்லயே வரையறுத்துடுச்சு. "வேற காரணமும் தெரியலன்னா"ங்கறது முக்கியம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, டிபி, இதயக் கோளாறு இதையெல்லாம் முதல்ல பார்த்தே ஆகணும். ரிப்போர்ட் எல்லாம் சரியா வந்தா அந்த நோய்கள் இல்லன்னுதான் அர்த்தம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல.

சிஸ்டருக்குத் தண்ணியும் உப்பும் கூட்டினோம் (பிபி, கிட்னி, இதயப் பிரச்சினை இருக்கறவங்க தயவுசெஞ்சு தானா இதைச் செய்யாதீங்க), காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், குறைஞ்ச டோஸ்ல புரோப்ரனலால். வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, அசதி வர்றதுக்கு முன்னாடியே உட்காரச் சொன்னோம். எங்க உட்கார்றது? டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நர்ஸ் உட்கார்ந்திருக்கலாமான்னு ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு. துணிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாடு சட்டசபையில மசோதா வந்ததும் அதே செப்டம்பர் மாசம்தான். எங்க வார்டுக்கு ஒரு ஸ்டூல் வாங்க நான் மூணு தடவை இண்டெண்ட் போட்டேன்.

இப்ப பரவாயில்ல. முழுசா சரியாகல. பகல் டியூட்டி ஓரளவு முடியுது, நைட் பார்த்தா மூணு நாள் படுக்கை.

போன வாரம் வந்தாங்க. நைட் டியூட்டி விலக்கு கேட்டு மெடிக்கல் போர்டுக்குப் போயிருக்காங்க. ஃபைல்ல என் ஆகஸ்ட் சீட்டும் இருந்திருக்கு. "உங்க டாக்டரே நார்மல்னுதானேம்மா எழுதியிருக்கார்"னு கேட்டாங்களாம்.

உட்கார வெச்சு, புதுசா ஒரு லெட்டர் எழுதினேன். 2021 ஆகஸ்ட்ல நான் எழுதினது தவறு, நிற்க வைத்துப் பரிசோதிக்கவில்லைன்னு முதல் வரியிலயே போட்டேன். பத்து நிமிஷப் பல்ஸ் ரீடிங்கையும் சேர்த்து இணைச்சேன். போர்டுல இருந்து இன்னும் பதில் வரல.