இரவு வண்டி வரைக்கும்

காலையில் வையம்பட்டியிலிருந்து திருச்சி வந்தாயிற்று; சென்னை ரயில் இரவில்தான். கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் பார்த்துவிடும் பேராசை வேண்டாம்! முதலில் மூட்டை முடிச்சுகளை ஜங்ஷனில் ஒப்படைத்துவிடுங்கள். மலைக்கோட்டையில் 400க்கு மேல் படிகள். வெயில் ஏறினால் பாறை சுடும். ஆசையிருந்தால் உடனே ஏறிவிடுங்கள். அம்மா அடிவாரத்து மாணிக்க விநாயகரைத் தரிசித்து, நிழலில் உட்காரட்டும்.

மதியம் சாப்பிட்டுச் சற்றே கண்ணயருங்கள். மாலையில் ஸ்ரீரங்கம். 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை அம்மா ஆசைதீர அண்ணாந்து பார்க்கட்டும். ஏழு பிராகாரமும் சுற்றவேண்டாம்; ரங்கநாதரைச் சேவித்தால் போதும். திரும்புகையில் பாலத்தில் காவேரிக் காற்று இலவசம்!

மலையும் கோபுரமும் எங்கும் போய்விடாது. அம்மாவோடு ஒரு பகல் கிடைப்பதுதான் அபூர்வம்.